ஏழாம் வகுப்புக்குரிய புத்தகம்

பிப்ரவரி 6, திங்கள்

பட்டியல் முடிந்தது. முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளை எந்தப் புத்தகம் படிக்க வேண்டும் என்று வரையறுத்துவிட்டேன். அரையாண்டு உழைப்பு. சாத்தூரைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கெல்லாம் இது சிறு நூலாக அச்சாகிப் போகும். அட்டையில் என் பெயர் இருக்கும்: முனைவர் அ. சங்கரபாண்டியன். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த ரூபவதிக்குத் தலைமையாசிரியர் நாற்காலியைக் கொடுத்த நிர்வாகம், என்னிடம் நூலகச் சாவியைக் கொடுத்தது. இருக்கட்டும். அந்தச் சாவியை வைத்துத்தான் இதைச் செய்தேன்.

மதியம் கூட்டம். 21ஆம் தேதி, தாய்மொழி நாளன்று வெளியீடு. வகுப்புக்கு ஒரு பிள்ளை மேடையேறி, அந்த வகுப்புக்குரிய நூலிலிருந்து ஒரு பக்கம் வாசிக்க வேண்டும் என்பது பள்ளிச் செயலாளரின் யோசனை. ஏழாம் வகுப்பு வந்ததும் அவர், "நம்ம சார் பொண்ணு ஏழாவதுதானே? அந்தப் பிள்ளையே வாசிக்கட்டும்" என்றார்.

ரூபவதி உடனே குறுக்கே வந்தார். "வேற பிள்ளையப் போடலாமே சார். ஏழாவதுல நல்லா வாசிக்கிற பிள்ளைக நாலஞ்சு பேர் இருக்காக."

"ஏன், என் மக நல்லா வாசிக்க மாட்டாளா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லல சார். சார் பொண்ணுங்கிறதால போட்டாகன்னு ஒரு பேச்சு வந்துறக் கூடாதில்ல?"

பேச்சு! என்னைத் தாண்டி அவர் மேலே போனபோது வராத பேச்சு, என் மகள் ஒரு பக்கம் வாசித்தால் வந்துவிடுமாம். "எழில்மதிதான் வாசிப்பா. எழுதிக்கோங்க" என்றேன். கோதண்டராமன் தலை நிமிராமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு கைதட்டிப் பாடுவதைத் தமிழ் கற்பிப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கும் இளைய தமிழாசிரியன்.

சிலிண்டருக்குப் பதிந்தேன்.

பிப்ரவரி 8, புதன்

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. முன்னுரையில் ஒரு வரி கோதண்டராமனுக்கு உறுத்துகிறதாம். 'தன் வகுப்புக்குக் கீழான நூலை ஒரு பிள்ளை கையில் ஏந்துவது, அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அவமானம்.'

"அவமானம்கிற வார்த்தை வேண்டாமே சார். பிந்திப் படிக்கிற பிள்ளைக எத்தனையோ இருக்கு" என்றான்.

"முன்னுரைக்குக் கீழ யாரு பேரு இருக்குன்னு பாத்தீங்களா?"

போய்விட்டான். சாயங்காலம் வீட்டில் முன்னுரை முழுவதையும் செண்பகத்துக்கும் எழிலுக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். எழில் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். செண்பகம் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கு எப்போதும் அடுப்பில் ஏதாவது பொங்கும்.

பிப்ரவரி 11, சனி

ஏழாம் வகுப்புக்கு நான் தேர்ந்தது உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்துப் பையனின் கதை. நல்ல உரைநடை. வாசிக்கச் சொன்னேன். எழில் எழுந்து நின்று, ஏற்ற இறக்கத்தோடு, காற்புள்ளியில் மூச்சு விட்டு, முற்றுப்புள்ளியில் நிறுத்தி வாசித்தாள். என் கண் நிறைந்துவிட்டது. ரூபவதியின் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

தட்டிக்கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். அவள் விரல் வைத்திருந்த பக்கம் வேறு.

"எந்தப் பக்கம்மா படிச்ச?"

அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். வாங்கிப் பிரித்து, வேறொரு பக்கத்தைக் காட்டி, இதைப் படி என்றேன். முதல் சொல் 'கொட்டகை'. விரலை எழுத்துக்குக் கீழே வைத்தாள். 'கெ' என்றாள். 'கா' என்றாள். மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் எழுத்துக்கு விரல் போவதற்குள் முதல் எழுத்து அவளிடமிருந்து போய்விட்டது. மூக்கின் மேல் வியர்த்திருந்தது. நான் கத்தினேன் என்று நினைக்கிறேன்.

கண் கோளாறாக இருக்கும். திங்களன்று கண் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.

பிப்ரவரி 12, ஞாயிறு

கண் இல்லை. கண்ணைப் போன வருடமே செண்பகம் சோதித்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல்.

இன்று காலை அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். எழில் நான்காம் வகுப்பிலிருந்தே இப்படித்தான். பாடங்களையெல்லாம், நேற்றைய உப்பளத்துப் பக்கத்தையும், செண்பகம் வாசித்துக் காட்ட, இவள் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவாள். ஒரு தடவை கேட்டால் போதும். எட்டாவது வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் வண்டி ஓடியிருக்கிறது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மூணு தடவை சொன்னேன். ஒரு தடவை எங்கண்ணன் புத்தி அவளுக்குன்னீங்க. ஒரு தடவை சோத்துத் தட்டத் தள்ளிவிட்டுட்டு எந்திரிச்சுப் போனீங்க. இன்னொரு தடவை சிரிச்சீங்க. முனைவர் வீட்டுல இப்படி நடக்காதுன்னு சொல்லிச் சிரிச்சீங்க."

எனக்கு அந்த மூன்றும் நினைவில் இல்லை.

"ரூபவதி டீச்சர் என்னயக் கூப்பிட்டு விட்டாக, போன வருசம். விருதுநகர்ல இதுக்குன்னு சொல்லிக்கொடுக்கிறவுக இருக்காகளாம். சார்ட்ட நான் சொன்னா சண்டைன்னு எடுத்துக்குவாரு, நீங்க பாத்துச் சொல்லுங்கம்மான்னாக."

அப்படியானால் திங்கட்கிழமை கூட்டத்தில்?

"உங்க மானத்தக் காப்பாத்தத்தாங்க அந்தப் பொம்பள குறுக்க வந்துச்சு" என்றாள் செண்பகம். வெங்காயத்தோலை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள்.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

பிப்ரவரி 13, திங்கள்

எழில் வயிறு வலிக்கிறது என்று பள்ளிக்கு வரவில்லை. நான் போனேன். வேறு பிள்ளையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம் என்றுதான் ரூபவதியின் அறைக்குள் நுழைந்தேன்.

அவர் தலைநிமிர்ந்து, "எழில் வரலையா சார்?" என்றார். குரலில் ஒரு இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மை போட்டிருக்கு டீச்சர்" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். காய்ச்சல் என்றால் 21க்குள் சரியாகிவிடும். கை முறிந்தது என்றால் கட்டு எங்கே என்பார்கள். அம்மை என்றால் யாரும் வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார்கள், யாரும் மருத்துவச் சீட்டும் கேட்க மாட்டார்கள். படித்த மூளை வேகமாகத்தான் வேலை செய்திருக்கிறது.

ரூபவதி கன்னத்தில் கைவைத்தார். "ஆத்தாடி! எப்பப் போட்டுச்சு? தண்ணி ஊத்தியாச்சா?" பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். "அப்ப நீங்களும் வரக் கூடாது சார். சின்னப் பிள்ளைக பொழங்குற எடம். மூணு தண்ணியும் ஊத்தி முடியட்டும், அதுவரைக்கும் வீட்டுல இருங்க."

"விழா?"

"விழாவ நாங்க பாத்துக்கிறோம். உங்க முன்னுரையக் கோதண்டராமன் சார் வாசிச்சிருவாரு."

என் நூல் வெளியீட்டுக்கு நான் போக முடியாது. அதை நான் யோசிக்கவில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

நான் சொன்னதைக் கேட்டதும் செண்பகம் முறத்தைக் கீழே வைத்தாள். "எந்தப் பேரைச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கீங்கன்னு தெரியுதா உங்களுக்கு?"

"ஒரு நோய்தானே. தொற்றுநோய்."

"உங்க படிப்புக்கு நோயி. எனக்கு மாரி. இருக்கங்குடியில அவ கால்ல விழுந்துதான் இவளப் பெத்தேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்து சொன்னாள்: "கூப்பிட்டாச்சு. கூப்பிட்டவளுக்கு உண்டான மரியாதையச் செஞ்சுதான் அனுப்பணும். இன்னைலருந்து இந்த வீட்டுல தாளிப்பு கெடையாது. கறி, மீன் கெடையாது. நீங்க சவரம் பண்ணக் கூடாது."

பக்கத்து வீட்டு மாரித்தாய்க்கு எப்படியோ செய்தி போய்விட்டது. பள்ளியிலிருந்துதான் போயிருக்கும், அவள் பேரன் அங்கே நான்காவது படிக்கிறான். கை நிறைய வேப்பிலையோடு வந்து, வாசல் நிலையில் தானே சொருகிவிட்டு, தெருவில் நின்றபடியே குரல் கொடுத்தாள். "ஏத்தா செண்பகம், முத்து பெருசா சிறுசா?"

செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"சிறுசுதான்க்கா."

"நல்லது. தாயி எறக்கமா எறங்கியிருக்கா. சாரு மனசுக்கு ஒண்ணும் பெருசா வராது."

பிப்ரவரி 16, வியாழன்

தாளிக்காத பருப்பு. தாளிக்காத ரசம். இளநீர். கம்மங்கூழ். மாரித்தாய் காம்பவுண்டுச் சுவர் மேல் தினமும் ஒரு நுங்கோ வெள்ளரிப்பிஞ்சோ வைத்துவிட்டுப் போகிறாள். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது திருடுவது போல் இருக்கிறது. எழில் மட்டும் ரசித்துச் சாப்பிடுகிறாள்.

அவளிடம் இதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகத்தான் கேட்டாள்.

"அப்பா, நான் மேடையில வாசிக்க வேண்டாம்னுதானே எனக்கு அம்மைன்னு சொன்னீங்க?"

"ம்."

"காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம்ல? மாங்கா தின்ன விட மாட்டேங்கிறாங்க அம்மா."

சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொழுது போகாமல் உப்பளத்துக் கதையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மகளுக்கு ஒரு புத்தகத்தை வாசித்துக் காட்டுவது இதுதான் முதல் தடவை. முன்னுரை கணக்கில் வராது.

கதையில் பையனின் காலில் உப்பு அரித்துப் புண்ணாகிவிடும். அவன் தன் அப்பாவிடம் சொல்லாமல் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவான். அந்த இடத்தில் நிறுத்தி, ஆசிரியன் புத்தியில், "ஏன் சொல்லல?" என்று கேட்டேன். 'பயம்' என்பது நான் எதிர்பார்த்த விடை. பட்டியலில் இந்த நூலுக்கு நான் எழுதிய குறிப்பிலும் 'அச்சம்' என்றுதான் இருக்கிறது.

எழில் மறுத்தாள். "பயமில்லப்பா. அவங்க அப்பாவால தாங்க முடியாது. அதான் சொல்லல."

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. முந்தின பக்கத்தில் அதற்கான இரண்டு வரிகள் இருக்கின்றன. நூலைத் தேர்ந்த நான் அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பிப்ரவரி 18, சனி

முதல் தண்ணீர். வெயிலில் வைத்த அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும். ஒரு முத்துகூட இல்லாத உடம்புக்குச் செண்பகம் பயபக்தியோடு ஊற்றினாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். தாடி அரிக்கிறது.

பிப்ரவரி 21, செவ்வாய்

பள்ளிக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு தெருதான். குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கதவை மூடினாலும் கேட்டது. நானும் எழிலும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம்.

முதல் வகுப்பிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாக வாசித்தது. நான் தேர்ந்த நூல்கள், நான் தேர்ந்த பக்கங்கள். ஏழாம் வகுப்பு வந்ததும் ஏதோ ஒரு சிறுமியின் குரல். எழில் உதடுகளை அசைத்தாள். அந்தச் சிறுமி தடுமாறிய ஒரு சொல்லை இவள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அது வந்து சேரக் காத்திருந்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

கடைசியில் கோதண்டராமன் என் முன்னுரையை வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான். அந்த வரி நெருங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய் மின்விசிறியை வேகமாக வைத்தேன். அது ஏற்கெனவே முழு வேகத்தில்தான் இருந்தது.

அந்த வரி வரவில்லை. முந்தின வரி முடிந்ததும் அடுத்த வரிக்குப் போய்விட்டான். நான் மூச்சு விட்டேன்.

"அப்பா, சார் ஒரு வரிய விட்டுட்டாரு" என்றாள் எழில்.

"மைக் சரியில்லாம இருக்கும்."

"இல்லப்பா, விட்டுட்டாரு. 'தன் வகுப்புக்குக் கீழான நூலை ஒரு பிள்ளை கையில் ஏந்துவது, அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அவமானம்.' அது வரல."

நான் வாசித்த அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். 'அவமானம்' என்ற சொல்லுக்கு முன்னால் நான் கொடுத்திருந்த சிறு இடைவெளியைக்கூட விடவில்லை.

சாயங்காலம் கோதண்டராமன் தொலைபேசியில் கூப்பிட்டான். "விழா நல்லா நடந்துச்சு சார். பிள்ளைக்கு எப்படி இருக்கு? முன்னுரையில ஒரு வரி விட்டுப்போச்சு, மன்னிச்சுக்கோங்க." இருக்கட்டும் என்றேன். நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல் வாய்வரை வந்தது.

பிப்ரவரி 22, புதன்

அந்த வரி அச்சில் இருக்கிறது. எல்லாப் பள்ளிகளுக்கும் போய்விட்டது.

பிப்ரவரி 24, வெள்ளி

இரண்டாம் தண்ணீர் நேற்றே ஆயிற்று. எனக்கும் எழிலுக்கும் சண்டை. முதல் வகுப்பு நூல் ஒன்றை எடுத்துவைத்து, எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். மூன்றாவது சொல்லில் என் குரல் உயர்ந்துவிட்டது. "ஆறு வயசுப் பிள்ளை படிச்சிரும் இத!"

அவள் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். "நீங்க வேண்டாம். அம்மாவும் வேண்டாம். வேற யாராவது சொல்லிக்கொடுத்தா படிக்கிறேன்."

"ஏன், நான் தமிழாசிரியன் இல்லையா?"

"நீங்க மூச்சு விடுறீங்கப்பா."

புரியவில்லை. செண்பகம்தான் விளக்கினாள். அவள் ஒவ்வொரு தடவை தவறும்போதும் நான் பெருமூச்சு விடுகிறேனாம்.

பிப்ரவரி 26, ஞாயிறு

மூன்றாம் தண்ணீர். வேப்பிலையை எடுத்துக் கிணற்றடியில் போட்டாயிற்று. செண்பகம் மாவிளக்கு ஏற்றினாள். மாரித்தாய் முதல் தடவையாக வீட்டுக்குள் வந்து எழிலின் நெற்றியில் திருநீறு பூசி, "ஒரு வடுகூட இல்லாம எறங்கியிருக்கா பாரு, மகராசி" என்றாள். எழில் ஏதோ யோசனையாக நின்றாள். மதியம் சாப்பிட்டுவிட்டு நான் தூங்கிவிட்டேன். செண்பகமும். நாளை பள்ளி.

பிப்ரவரி 27, திங்கள்

இது இன்று நடந்தது. விடாமல் எழுதப் பார்க்கிறேன்.

காலையில் செண்பகம் அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். எழிலின் நெற்றியில், கன்னத்தில், கழுத்தில், இரண்டு முழங்கையிலும் செம்பழுப்புப் புள்ளிகள். ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். செண்பகம் கையெடுத்துக் கும்பிடவே தொடங்கிவிட்டாள்.

"மருதாணிம்மா" என்றாள் எழில். "நேத்து நீங்க தூங்குறப்ப மாரித்தாய் பெரியம்மா வீட்டுச் செடியில பறிச்சு அரைச்சு, ராத்திரி நீங்க படுத்ததும் ஈர்க்குச்சியால வச்சேன். காய விட்டு விடியுமுன்ன கழுவிட்டேன். காலைல நல்லாச் செவந்திருச்சு."

"எதுக்குடி?"

"வடு இல்லன்னா கேப்பாங்கல்ல? அப்பா பொய் சொன்னாருன்னு ஆயிரும்ல?"

செண்பகம் எலுமிச்சம்பழம் தேய்த்தாள், தேங்காய் எண்ணெய் தேய்த்தாள். போகவில்லை. போகாது. இன்னும் ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் மங்கிவிடும் என்றேன். செண்பகம் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் எத்தனை சாமியக் கூப்பிடப் போறீங்க?"

சவரம் செய்துகொண்டு கிளம்பினேன். எழிலும் நானும் நடந்து போனோம். தெருமுனை திரும்பியதும் கேட்டேன். "டீச்சர்ட்ட உண்மையச் சொல்லிரட்டுமா?"

"எத?"

"அம்மை இல்லன்னு. உனக்கு..."

அவள் நின்றாள். "உங்களப் பத்தி மட்டும் சொல்லுங்கப்பா. என்னயப் பத்தி நான் சொல்லிக்கிறேன்."

ரூபவதியின் அறையில் கோதண்டராமனும் இருந்தான். வேறு நேரமாக இருந்தால் திரும்பி வந்திருப்பேன். அவன்தான் முதலில் பேசினான். "வா எழில். ரொம்பக் கஷ்டப்பட்டியா?"

எழில் என்னைப் பார்த்தாள். நான் வாய் திறக்கவில்லை. ஒரு கணம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளே தொடங்கினாள். "மொத நாள் காய்ச்சல் சார். அப்புறம் கழுத்துல ரெண்டு முத்து, மறுநாள் கை..." எவ்வளவு அழகாகச் சொன்னாள். எந்த நாளில் எங்கே என்றுகூட யோசித்துவைத்திருந்தாள். எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பொய்" என்றேன். "அவளோட பொய் இல்ல, என்னோடது. அம்மை போடல. அவ மேடை ஏறக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு."

கோதண்டராமன் மெல்ல எழுந்து வெளியே போகப் பார்த்தான். "இருங்க சார்" என்றாள் எழில் அவனிடம். பிறகு ரூபவதியைப் பார்த்து, பாடம் ஒப்பிக்கும் குரலில் இல்லாமல், மெதுவாகச் சொன்னாள். "எனக்கு வாசிக்க வராது டீச்சர். எழுத்து தெரியும். சேத்துப் படிக்கத் தெரியாது."

"தெரியும்மா" என்றார் ரூபவதி. மேசையைச் சுற்றி வந்து, எழிலின் கன்னத்துப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்லாப் பிடிச்சிருக்கே மருதாணி. எனக்கும் ஒரு நாளைக்கு வச்சு விடு." எழில் சிரித்தாள். என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை. "விருதுநகர்ல அவுகளுக்குப் போன் பண்றேன் சார். சனிக்கிழமை கூட்டிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

பிறகு எழிலிடம், நூலகத்தில் போய் உனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள் என்றார். நான் கதவைத் திறந்துவிட்டேன். அவள் ஏழாம் வகுப்பு அலமாரியைத் தாண்டி, ஆறையும் ஐந்தையும் தாண்டி, கீழ்த்தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிதானமாகப் புரட்டி, ஒன்றை எடுத்தாள். அட்டையில் பெரிய வாத்து. பக்கத்துக்கு நாலு சொல். முதல் வகுப்புக்கென்று நான் தேர்ந்தது.

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள். வராந்தாவில் இடைவேளை மணி அடித்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். வாத்து எல்லாருக்கும் தெரிந்தது. நான் அவள் பக்கத்தில் நடந்தேன்.

என் கை தானாக நீண்டது. புத்தகத்தை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொள்ளத்தான். அவ்வளவு பேசிவிட்டு வந்த பிறகும் என் கை அதற்குத்தான் நீண்டது.

எழில் அதைப் பார்த்தாள். புத்தகத்தை எனக்கு எட்டாத அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஏழாம் வகுப்புக்குள் போனாள்.